சுவரில் முகம் தெரிந்தால்: மாக்யோவும் ஜென் நோயும்

இந்த எபிசோட்ல சீனா, ஜப்பான் எல்லாம் வரும். ஆனா ஆரம்பிக்கறது வேளச்சேரியில.

2021. கொரோனா இரண்டாவது அலை. ரூம்மேட் ஊருக்குப் போயிட்டான், ஒரு ரூம், ஒரு லேப்டாப், நான். தூக்கம் சரியா வரலைன்னு ஒரு தியான ஆப் இறக்கினேன். தினமும் பத்து நிமிஷம். உண்மையிலேயே நல்லா இருந்தது, அதுல பொய் இல்ல. ஆனா நம்ம துறை ஆளுங்களுக்கு ஒரு வியாதி இருக்குல்ல, எதைக் கொடுத்தாலும் ஆப்டிமைஸ் பண்ணிப் பார்க்கணும். பத்து இருபதாச்சு, இருபது நாற்பதாச்சு. மூணாவது மாசம் காலையில ஒரு மணி நேரம், ராத்திரி ஒன்றரை மணி நேரம். ஆப்பையும் விட்டாச்சு. ஜென் முறைன்னு வீடியோ பார்த்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணைப் பாதி திறந்து வச்சுக்கிட்டு மூச்சை எண்றது.

ஒரு ராத்திரி அந்தச் சுவர் மூச்சு விட ஆரம்பிச்சது.

மிகைப்படுத்தல, அப்படித்தான் இருந்தது. பெயிண்ட்ல இருந்த சின்னச் சின்னப் புள்ளிகள் நகர்ந்து ஒண்ணு சேர்ந்து, ஒரு வயசானவரோட முகமாச்சு. மடியில இருந்த கைகளைக் காணோம், அந்த இடத்துல பூசணிக்காய் அளவுக்கு ஒரு கனம் மட்டும் இருந்தது. அப்புறம் முகமும் போய் எல்லாம் ஒரே வெளிச்சம். கண்ணுல தண்ணி கொட்டுது, சந்தோஷத்துல. எத்தனை நிமிஷம்னு தெரியல.

மறுநாள் காலையில ஸ்டாண்டப் கால். ஆளாளுக்கு அவங்கவங்க டிக்கெட்டைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சிரிப்பு. 'பாவம், இவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது' அப்படின்னு. அந்தச் சிரிப்பை ஞாபகம் வச்சுக்கோங்க, அதுக்குத் திரும்ப வருவோம்.

அதுக்கப்புறம் தினமும் அந்த வெளிச்சத்துக்காகவே உட்கார்ந்தேன். அது வரல. வேற சிலது வந்தது. காதுக்குள்ள ஓயாத இரைச்சல். மே மாசச் சென்னையில கால் பாதம் ஜில்லுனு இருக்கும். படுத்தா நெஞ்சு படபடக்கும், கண்ணை மூடினா படம் ஓடும். தூக்கம் மூணு மணி நேரமாச்சு. யார்கிட்ட சொல்றது? அம்மாகிட்ட சொன்னா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. மேனேஜர்கிட்ட சொல்ற விஷயமும் இல்ல. இணையத்துல தேடினேன். ரெண்டு பதில் கிடைச்சது. ஒண்ணு, 'வாழ்த்துகள், உங்க குண்டலினி எழுந்துடுச்சு'. இன்னொண்ணு, 'இது மாக்யோ. கண்டுக்காதீங்க. தொடர்ந்து உட்காருங்க'. ரெண்டாவது எனக்கு ரொம்ப முதிர்ச்சியா தெரிஞ்சது. தொடர்ந்து உட்கார்ந்தேன். நிலைமை மோசமாச்சு.

'கண்டுக்காதே, உட்காரு' அப்படிங்கற இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது? அதைச் சொன்னவங்க அதோட நிறுத்தினாங்களா? இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல வார்த்தைகள். 'தியானம்' அப்படிங்கற அதே சொல்தான் சீனாவுக்குப் போய் 'சான்னா' ஆகி, 'சான்' ஆகச் சுருங்கி, ஜப்பான்ல 'ஜென்' ஆச்சு. அதனால 'ஜென் தியானம்'னு சொல்றது 'கேட் வாசல்'னு சொல்ற மாதிரி. மாக்யோவும் இப்படித்தான். 'மா'ன்னா மாரன். புத்தர் போதி மரத்தடியில உட்கார்ந்தப்ப வந்து கலைக்கப் பார்த்தானே, அதே மாரன். தமிழ்ல மாரன்னு சொன்னா நமக்கு மன்மதன்தான் ஞாபகம் வருவார். ஆனா மணிமேகலை புத்தரை மாரனை வென்றவர்னு போற்றும், அங்கே வர்ற ஆள்தான் இவரும். 'கியோ'ன்னா எல்லை, களம், இடம். ஆக மாக்யோன்னா மாரனோட இடம். தியானத்துல தெரியற உருவங்கள், கேட்கற சத்தங்கள், வாசனை, உடம்பு பெருசாகறது, மிதக்கறது, திடீர் அழுகை, திடீர் பரவசம், 'எனக்கு எல்லாம் புரிஞ்சுடுச்சு'ங்கற உணர்வு எல்லாமே அதுக்குள்ள அடங்கும்.

இதைப் பத்தி ரொம்ப விரிவா எழுதின பழைய ஆள் சீனாவோட ஜியி. தியன்தாய் மரபை நிறுவினவர், 538-ல பிறந்து 597-ல இறந்தார். கறாரா பார்த்தா இவர் ஜென் துறவி இல்ல, ஆனா பின்னாடி வந்த கிழக்காசிய தியான மரபுகள் எல்லாத்துக்கும் இவர்கிட்ட கடன் இருக்கு. 594-ல அவர் நடத்தின சொற்பொழிவுகளை அவரோட சீடர் தொகுத்தார், அதுதான் 'மோஹே ஜிகுவான்'. உட்கார்ந்து பழகறவனுக்கு முன்னாடி என்னென்ன வந்து நிற்கும்னு அதுல பத்து தலைப்புகள் போடறார். எனக்கு ஆச்சரியமா இருந்தது என்னன்னா, மூணாவது தலைப்பு நோய். அஞ்சாவது மாரன். ஆறாவது தியான நிலைகளே! அதாவது தியானத்துல கிடைக்கற நல்ல நிலையும் ஆராயப்பட வேண்டிய ஒரு பொருள்தான். அதைவிட முக்கியம், நோயையும் மாரனையும் அவர் ஒரே பெட்டியில போடல. நோய்க்குன்னு தனியா ஆறு காரணம் சொல்றார். உடம்போட மூலக்கூறுகள் சமநிலை கெடறது, சாப்பாடு சரியில்லாதது, முறையில்லாம தியானம் பண்றது, பேய், மாரன், பழைய வினை. மூணாவது காரணத்தைக் கவனிங்க. தியானமே நோய்க்குக் காரணமாகும்னு 6ஆம் நூற்றாண்டுலயே ஒரு தியான ஆசான் சொல்லிட்டார். அதுக்கு வைத்தியமும் சொல்றார்: மூச்சை எப்படி மாத்தறது, கவனத்தை உடம்புல எங்கே கொண்டுபோய் வைக்கறதுன்னு.

அடுத்தது சூரங்கம சூத்திரம். இது 705-ல இந்திய மூலத்திலிருந்து சீனத்துல மொழிபெயர்க்கப்பட்டதுன்னு மரபு சொல்லுது. சீனாவுலேயே எழுதப்பட்டதுன்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. எதுவானாலும் சான் துறவிகள் இதை விடாம படிச்சாங்க. இதோட கடைசியில ஐம்பது மாரநிலைகள் வரிசையா வரும். ஒரு ஸ்கந்தத்துக்குப் பத்து, அஞ்சு ஸ்கந்தத்துக்கு ஐம்பது. இருட்டு அறையில பொருளெல்லாம் பகல் மாதிரி தெரியறது, உடம்பைச் சுட்டாலோ வெட்டினாலோ எதுவும் உணராம இருக்கறது, ஏன், தன் உடம்புக்குள்ள இருக்கற புழுவைக் காயமில்லாம வெளியே எடுக்கறதுகூட இருக்கு. படிச்சா ஏதோ பக் ரிப்போர்ட் தொகுப்பு மாதிரியே இருக்கும். இன்ன நிலை வரும், இப்படித் தெரியும், இதைத் தப்பா புரிஞ்சுக்கிட்டா இப்படி முடியும்.

இந்தப் பட்டியல்ல முதல் சில நிலைகளை சூத்திரம் கெட்டதுன்னு சொல்லவே இல்ல. கவனம் ஆழமானதால தற்காலிகமா வர்றது, 'நான் ஞானியாயிட்டேன்'னு நினைக்காத வரைக்கும் அது நல்ல நிலைதான்னு சொல்லுது. அப்படி நினைச்ச அந்த நிமிஷம் மாரனுக்குக் கதவு திறந்தாச்சு. அதாவது சுவர்ல முகம் தெரிஞ்சதில்ல பிரச்சினை. மறுநாள் ஸ்டாண்டப்ல வந்த சிரிப்பு இருக்கே, அதுதான்.

ஜப்பானுக்கு வருவோம். 14ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல கெய்சான்னு ஒரு ஆசான், சோதோ ஜென் மரபைப் பரவலாக்கினவர். உட்காரும்போது கவனிக்க வேண்டியதைப் பத்தி ஒரு சின்னக் கையேடு எழுதினார். உடம்பு சூடாகலாம், குளிரலாம், கனக்கலாம், லேசாகலாம், புத்தர் உருவங்கள் தெரியலாம், படிக்காத சூத்திரத்தோட பொருளெல்லாம் திடீர்னு புரியற மாதிரி இருக்கலாம். இதெல்லாம் மனசும் மூச்சும் ஒத்துப்போகாததால வர்றதுன்னு ஒரே போடா போடறார். அப்புறம் நேரா பராமரிப்புக்குப் போயிடறார். மனசு மந்தமா மூழ்கினா கவனத்தை நெற்றிப் பக்கம் வை, அலைபாஞ்சா மூக்கு நுனிக்கோ அடிவயித்துக்கோ கொண்டு வா. அவ்வளவுதான்.

சரி, இப்படி எழுதினவர் கனவு, காட்சி எதையும் மதிக்காதவர்னு நினைப்பீங்க. இல்ல! இதே கெய்சான் தன்னோட கனவுகளைக் கவனமா எழுதி வச்சிருக்கார், தன் மடாலயத்தோட வரலாற்றுல அந்தக் கனவுகளுக்குப் பெரிய இடம் கொடுத்திருக்கார். ஜென்னை ஏதோ ரொம்பக் கறாரான, மாய மந்திரம் இல்லாத, நம்மள மாதிரி பகுத்தறிவு இன்ஜினியர்களுக்காகவே செஞ்ச மதம்னு நாம கற்பனை பண்ணிக்கறோம். அது 20ஆம் நூற்றாண்டு விளம்பரம். அசல் அவ்வளவு சுத்தமா இருக்காது.

இப்போ இந்தக் கதையோட நாயகன். ஹகுயின் எகாகு. ஃபூஜி மலை அடிவாரத்துல ஹாரான்னு ஒரு ஊர், அங்கே 1686-ல பிறந்தவர். சின்ன வயசுல நரகத்தைப் பத்தி ஒரு பிரசங்கம் கேட்டுட்டு அப்படியே நடுங்கிப் போனார். அம்மா குளிக்கறதுக்கு வெந்நீர் போட்டா, அடுப்பு நெருப்பு படபடக்கற சத்தத்துக்கே அலறுவாராம். நரகத்துல இருந்து தப்பிக்கணும்னுதான் துறவியானார். 1707 கடைசியில ஃபூஜி வெடிச்சப்ப, கோயில்ல இருந்தவங்க எல்லாரும் வெளியே ஓட, இவர் மட்டும் ஆடற மண்டபத்துக்குள்ள உட்கார்ந்தபடியே இருந்தார்னு அவரோட வாழ்க்கை வரலாறு சொல்லுது. அந்த மாதிரி ஆள்.

1708. ஜப்பானியக் கணக்குப்படி 24 வயசு. இப்போ நீகாதா மாகாணத்துல இருக்கற தகாதாங்கற ஊர்ல, எய்கான்ஜி கோயில்ல, 'மு'ங்கற ஒத்தைச் சொல்லை வச்சுக்கிட்டு ராப்பகலா உட்கார்ந்தார். 'மு'ன்னா 'இல்ல'. நாய்க்குப் புத்த இயல்பு உண்டாங்கற கேள்விக்கு ஒரு சீன ஆசான் சொன்னதா வர்ற பதில். பல நாள் பனிக்கட்டிக்குள்ள உறைஞ்சு போன மாதிரி இருந்து, ஒரு ராத்திரி கோயில் மணிச் சத்தம் கேட்டதும் எல்லாம் நொறுங்கிப் போச்சு. அந்த நிமிஷம் அவர் என்ன நினைச்சார்னு அவரே பின்னாடி எழுதியிருக்கார். முந்நூறு வருஷத்துல என்னை மாதிரி யாருக்கும் இப்படி ஆகியிருக்காதுன்னு நினைச்சாராம்.

ஸ்டாண்டப் சிரிப்பு!

ஒரு வித்தியாசத்தை மட்டும் நேர்மையா சொல்லிடறேன். ஜென் மரபு ஹகுயினோட அந்த அனுபவத்தை மாக்யோன்னு சொல்லாது, கென்ஷோன்னு சொல்லும், தன் இயல்பைப் பார்த்தது. என்னோடது அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா அடுத்து நடந்ததுதான் விஷயம். இந்தப் பெருமையைத் தூக்கிக்கிட்டு ஹகுயின் ஈயாமாங்கற மலையூர்ல இருந்த கிழவர் ஒருத்தரைப் பார்க்கப் போனார். பேர் ஷோஜு ரோஜின். போனவர் தான் கண்டதைச் சொல்றார். கிழவர் 'மு'வைப் பத்திக் கேட்கறார். அதுல கையையோ காலையோ வைக்க இடமே இல்லன்னு ஹகுயின் அழகா ஒரு பதில் சொல்றார். கிழவர் கையை நீட்டி இவர் மூக்கைப் பிடிச்சுத் திருகி, இதோ கை வைக்க இடம் இருக்கேன்னு கேட்டாராம். அதுக்கப்புறம் ஏறக்குறைய எட்டு மாசம் திட்டும் அடியும்தான். குகைக்குள்ள செத்துக் கிடக்கற பேய்னு கூப்பிடுவார். ஒருநாள் இவர் பிச்சைக்குப் போய் ஒரு வீட்டு வாசல்ல யோசனையில நின்னார். போடான்னு சொன்னது காதுல விழல. அந்த வீட்டுக் கிழவி துடைப்பத்தால அடிச்ச அடியில மயங்கி விழுந்தார். எழுந்தப்ப முடிச்சு அவிழ்ந்திருந்தது. திரும்பி வந்த முகத்தைப் பார்த்ததுமே ஷோஜுவுக்குப் புரிஞ்சுடுச்சு.

இது வரைக்கும் எல்லா ஜென் புத்தகத்துலயும் வரும். நமக்கு வேண்டிய கதை இதுக்கு அப்புறம்.

ஷோஜுவை விட்டு வந்ததுக்கு அப்புறம் ஹகுயினுக்கு உடம்பு கெட்டுப் போச்சு. அவர் தர்ற விவரத்தைப் படிச்சப்ப எனக்குக் கை நடுங்குச்சு, உண்மையாவே. சூடெல்லாம் தலைக்கு ஏறிடுச்சு. நெஞ்சு வறண்டு போச்சு. கால் ரெண்டும் பனியில முக்கின மாதிரி சில்லுனு இருக்கு. ஓடைக்கரையில நடக்கற மாதிரி காதுல ஓயாத இரைச்சல். எதைக் கண்டாலும் பயம். அக்குள்ல வியர்வை, கண்ணுல சதா தண்ணி. தூங்கினாலும் முழிச்சிருந்தாலும் காட்சிகள். வேளச்சேரி ரூம்ல நான் கூகிள்ல தேடினது அத்தனையும் முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் எழுதி வச்சிருக்கார். இதுக்கு அவர் வச்ச பேர் மாக்யோ இல்ல. ஜென்பியோ. ஜென் நோய்.

கவனிங்க, 'கண்டுக்காதே, உட்காரு'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு அவர் உட்காரல. ஆசான்களைத் தேடினார், வைத்தியர்களைத் தேடினார். யாராலும் முடியல. கடைசியா கியோத்தோ பக்கத்துல ஷிரகாவா மலைக் குகையில ஹகுயூன்னு ஒருத்தர் இருக்கார்னு கேள்விப்பட்டு, 1710-ல மலை ஏறினார். ஹகுயின், ஹகுயூ: பேர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்ல. அந்த ஆளுக்கு வயசு 180-ன்னு சிலரும் 240-ன்னு சிலரும் சொன்னாங்களாம். குகைக்குள்ள ஒரு சின்ன மேசை, அதுல மூணு புத்தகம்: கன்ஃபூசிய மரபோட 'நடுநிலைக் கோட்பாடு', லாவோட்சு, வஜ்ர சூத்திரம். மூணு மதத்துக்கும் ஒவ்வொண்ணு. ஹகுயூ நாடி பிடிச்சுப் பார்த்தார். அளவுக்கு மீறித் தியானம் பண்ணி வரவழைச்சுக்கிட்ட நோய் இது, ஊசி மருந்து எதாலயும் தீராதுன்னு சொன்னார். சூட்டைக் கீழே இறக்கணும், கவனத்தை அடிவயித்துக்கும் பாதத்துக்கும் கொண்டு போகணும்.

அதுக்கு அவர் சொன்ன பயிற்சி ரொம்ப விசித்திரம். உச்சந்தலையில வாத்து முட்டை அளவுக்கு வாசனையான மெத்துனு ஒரு வெண்ணெய் உருண்டை இருக்கறதா நினைச்சுக்கோ. அது மெதுவா உருகுது. தலை, தோள், கை, நெஞ்சு, நுரையீரல், ஈரல், வயிறு, முதுகெலும்புன்னு நனைச்சுக்கிட்டே கீழே இறங்கி, காலைக் கதகதப்பாக்கிப் பாதத்துல வந்து நிற்குது. அவ்வளவுதான். தத்துவம் எதுவும் கிடையாது. வெண்ணெய்.

இதையெல்லாம் ஹகுயின் எழுதி வெளியிட்டது 1757-ல, அவரோட எழுபது வயசுக்கு மேல. புத்தகம் பேர் 'யாசென் கன்னா'. முன்னுரையை 'பட்டினியும் குளிரும்'னு பேர் வச்சுக்கிட்ட ஒரு சீடர் எழுதின மாதிரி இருக்கும், எழுதினது ஹகுயினேதான். அந்த ஹகுயூ கதையும் அப்படியே நம்பறதுக்கு இல்ல. ஹகுயூன்னு ஒருத்தர் நிஜமாவே இருந்தார், ஆனா ஹகுயின் சொல்ற தேதிக்கு முந்தின வருஷம், 1709-லயே அவர் இறந்துட்டதா பதிவு இருக்கு. வயசும் அறுபதுகள்தான். ஆக, தேதி தப்பா, சந்திப்பே கற்பனையா, சீன மருத்துவ நூல்கள்ல படிச்சதை ஒரு குகைக் கிழவர் வாயில வச்சு சொன்னாரான்னு ஆய்வாளர்கள் பேசிக்கிட்டே இருக்காங்க. எனக்கு அது பெரிய விஷயமா படல. நோய் கற்பனை இல்லங்கறது படிச்சாலே தெரியுது. அந்த இரைச்சலைக் கேட்காதவனால அதை அப்படி எழுத முடியாது.

அந்த முன்னுரையில ஒரு இடம். ஹகுயினோட கோயிலைச் சுத்திக் குடிசை போட்டுக்கிட்டு கடுமையா பயிற்சி பண்ணின இளம் துறவிகள் ஒவ்வொருத்தரா இளைச்சு நோயில விழறாங்க. வைத்தியரால ஒண்ணும் பண்ண முடியல. அவங்ககிட்ட ஹகுயின் என்ன சொல்றார் தெரியுமா? கோவானைக் கொஞ்ச நாள் ஓரமா வை. முதல்ல நல்லா தூங்கு. தூங்கறதுக்கு முன்னாடி காலை நீட்டிச் சேர்த்து வச்சுக்கிட்டு, கவனத்தை வயித்துக்குக் கீழே, பாதம் வரைக்கும் கொண்டு போ. ஜப்பான்லயே கறாரான ஆசான்னு பேர் எடுத்தவர் இவர். எரிமலை வெடிச்சும் எழுந்திருக்காதவர். அவர் சொல்றது, தூங்கு.

இந்த ரெண்டு பெட்டியும் கடல் தாண்டி வந்தப்ப ஒண்ணு மட்டும் பின்தங்கிடுச்சுன்னு நான் நினைக்கறேன். மாக்யோங்கற சொல்லை உலகம் முழுக்கக் கொண்டு போனதுல பெரிய பங்கு 1965-ல வந்த 'தி த்ரீ பில்லர்ஸ் ஆஃப் ஜென்' புத்தகத்துக்கு. தொகுத்தவர் ஃபிலிப் காப்லோ. அதுக்கு முன்னாடி நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில பேசினதை எழுத்துல பதியற வேலை பார்த்தவர். அவரோட ஆசான்கள்ல ஒருத்தரான யசுதானியோட சொற்பொழிவுகள் அதுல இருக்கு, மாக்யோவுக்குன்னு தனியா ஒண்ணு. பாதை சரின்னு காட்டற அடையாளமா இருக்கலாம், ஊர் வந்து சேர்ந்த அடையாளம் இல்ல, அதுல மாட்டிக்காதேங்கறதுதான் சாரம். ரொம்பத் தெளிவா இருக்கும். ஆனா அதே புத்தகத்துல, யசுதானியோட தனியறைக்குள்ள பத்து மேற்கத்தியர்கள் பேசினதையும் காப்லோ வரி வரியா பதிவு பண்ணியிருக்கார். பழைய வேலைப் புத்தி. அங்கே தெரியறது வேற. ஒருத்தர் வந்து தனக்குத் தெரிஞ்சதைச் சொல்றார், ஆசான் கேட்கறார், ஆளைப் பார்க்கறார், அந்த ஆளுக்குன்னு ஒரு பதில் சொல்றார். அந்தத் தனிச் சந்திப்புக்கு தோகுசான்னு பேர். டிசம்பர் 1-ல இருந்து 8 வரைக்கும் நடக்கற ரோஹாட்சு பயிற்சியில, கறாரான மடாலயங்கள்ல துறவிகள் படுக்கவே மாட்டாங்க. அந்த மாதிரி நாள்லயும் ஆசானோட அறைக்குப் போய் வர்றது உண்டு. 'கண்டுக்காதே'ன்னு சொல்றவர் நேத்தும் உங்களைப் பார்த்திருக்கார், நாளைக்கும் பார்ப்பார். இணையத்துல எனக்கு அந்த வரியை எழுதினவருக்கு நான் மூணு மணி நேரம் தூங்கறேன்னு தெரியாது. ஆப்புக்குத் தெரிஞ்சது என் ஸ்ட்ரீக் 94 நாள்ங்கறது மட்டும்தான்.

யசுதானியோட வாரிசு யமதா கோஉன், காமகுராவுல இருந்தவர். அவர்கிட்ட பயின்ற தமிழ் இயேசு சபைப் பாதிரியார் ஆமா சாமி, 1996-ல கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில போதி சென்டோங்கற ஜென் மையத்தை ஆரம்பிச்சார். ஆக அந்த அறை எனக்கு ஒரு ராத்திரி பஸ் தூரத்துலதான் இருந்திருக்கு. அப்போ எனக்குத் தெரியாது.

அந்தச் சுவர் மேட்டரையும் சொல்லிடறேன், இன்ஜினியரா இருந்துட்டு இதை விட்டா தூக்கம் வராது. 1804-லயே டிராக்ஸ்லர்னு ஒரு ஸ்விஸ் மருத்துவர் கவனிச்சது: ஒரே புள்ளியை அசையாம பார்த்துக்கிட்டே இருந்தா சுத்தி இருக்கறது மங்கி மறைஞ்சுடும். மாறாத தூண்டுதலுக்கு நம்ம பார்வை நரம்புகள் பழகிப் போயிடும். மங்கின வெளிச்சத்துல வெறும் சுவரை ஒரு மணி நேரம் பார்த்தா மூளை தானே எதையாவது வரையும். முகத்தைத்தான் அது முதல்ல வரையும், எதுலயும் முகத்தைத் தேடறதுதான் அதோட வேலை. ஆக சுவர்ல வந்த பெரியவர் யாரும் இல்ல. ஆனா அதுக்கு அப்புறம் நாலு வாரம் நான் தூங்காதது டிராக்ஸ்லர்ல அடங்காது. 2017-ல பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாரெட் லின்டால், வில்லபி பிரிட்டன் குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தேரவாதம், ஜென், திபெத் மூணு மரபுலயும் தியானம் பண்ற மேற்கத்தியர்களையும் ஆசிரியர்களையும் பேட்டி எடுத்து, சவாலான அனுபவங்களை 59 வகையா, 7 பிரிவா பிரிச்சாங்க. தூக்கம் கெடறது, பயம், உடம்பு நடுக்கம், காட்சிகள், தான்ங்கற உணர்வு கலையறது எல்லாம் இருக்கு. அதே அனுபவத்தை ஒரு ஆசிரியர் முன்னேற்றம்னு பார்க்கறார், இன்னொருத்தர் பிரச்சினைன்னு பார்க்கறார்ங்கறதும் அதுல வருது. ஜியி இதைப் படிச்சா தலையாட்டியிருப்பார்.

என் கதை எப்படி முடிஞ்சதுன்னா, அக்காதான் வீடியோ கால்ல என் முகத்தைப் பார்த்துட்டு, 'என்னடா இது, கண்ணெல்லாம் இப்படி இருக்கு'ன்னு கேட்டா. அவகிட்ட பாதி சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே ஆன்லைன்ல ஒரு மனநல மருத்துவர்கிட்ட அப்பாயிண்ட்மென்ட் போட்டுட்டா. நான் குண்டலினி, மாக்யோன்னு பெரிய விளக்கம் தயார் பண்ணி வச்சிருந்தேன். அவர் முதல் கேள்வியா எத்தனை மணி நேரம் தூங்கறீங்கன்னு கேட்டார். அடுத்து, தினமும் எவ்வளவு நேரம் உட்கார்றீங்க. சொன்னேன். மூணு மாசத்துக்கு உட்காராதீங்க, முதல்ல தூங்கணும்னு சொன்னார். சில வாரத்துக்கு மாத்திரையும் கொடுத்தார். ஒரு மாசத்துல காது இரைச்சல் குறைஞ்சது, அப்புறம் கால் குளிர்ச்சி போச்சு. உங்கள்ல யாருக்காவது இந்த மாதிரி இருந்தா, தூக்கம் போயிட்டா, உட்கார்றதை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. அந்த ரெண்டு மாசம் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

யாசென் கன்னாவைப் படிச்சது அதுக்கு ஒரு வருஷம் கழிச்சு. கோவானை ஓரமா வை, முதல்ல தூங்குங்கற இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வச்சுட்டுச் சிரிச்சேன். அக்காவுக்கு உடனே மெசேஜ் போட்டேன். 'முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே உன் டாக்டர் ஜப்பான்ல இருந்திருக்கார்'னு. அவ பதிலுக்கு ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினா.

இப்போ திரும்ப உட்கார்றேன், காலையில இருபது நிமிஷம், டைமர் வச்சு. ராத்திரி உட்கார்றது இல்ல, படுத்துக்கிட்டு வெண்ணெய் மட்டும். சுவர் எப்பவாவது ஒரு தடவை மூச்சு விடும், விட்டுட்டுப் போகட்டும். வாத்து முட்டை எவ்வளவு பெருசு இருக்கும்னு எனக்குச் சரியா தெரியாது, கோழி முட்டையைவிடக் கொஞ்சம் பெருசா நினைச்சுக்குவேன். பாதம் வரைக்கும் அது ஒருநாளும் இறங்கினதில்ல. முட்டிக்கு வர்றதுக்குள்ள தூங்கிடறேன்.